மார்கழியில் நாற்பத்து நான்கு கல்யாணங்கள்

அண்ணன் வீட்டை மட்டும் பார்க்கக் கூடாது என்று கோகிலவாணி தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டத்தை, வியாழக்கிழமை மதியம், கையில் பாதி கடித்த வாழைக்காய் பஜ்ஜியோடு அவளே மீறினாள்.

பெரிய காரணம் எதுவும் இல்லை. கேன்டீனிலிருந்து வந்தாள். கணினித் திரை திறந்து கிடந்தது. நல்லிபாளையம் என்ற ஊர்ப் பெயர் கண்ணில் பட்டது. விரல் முந்திக்கொண்டது.

ஒரு கோடு. அண்ணன் பொன்னுசாமியின் வீடு இனிவரும் நாட்களில் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று சொல்கிற கோடு. வெள்ளிக்கிழமை மாலை வரை வழக்கம்போல் ஏறி இறங்கியது. அதன்பின் சரிந்து தரையைத் தொட்டு, அங்கேயே படுத்துக்கொண்டது. ஓரத்தில் சின்னதாக ஒரு சொல்: காலி.

வெள்ளிக்கிழமை என்றால் நாளை.

மிச்ச பஜ்ஜியை மேசையில் வைத்தாள்.

காத்தாடிமேடு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எரிசக்தி ஆய்வுக்கூடத்தில் அந்த மென்பொருளுக்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் நாக்கைச் சுளுக்கிக்கொள்வதில்லை. எல்லோருக்கும் அது ஜோசியர். ஊரே வெயிலையும் காற்றையும் நம்பி விளக்கெரிக்கத் தொடங்கிவிட்ட காலம். பகலில் கொட்டிக் கிடக்கும் மின்சாரம், மாலை ஆறிலிருந்து பத்து வரை பஞ்சத்தில் அடிபட்டுவிடும். அதற்காகத் தெருவுக்கு ஒரு பெரிய பேட்டரி. வீட்டு இன்வெர்ட்டர்களை அரசாங்கமே திரும்ப வாங்கிக்கொண்டது. எந்த வீட்டுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தானே பேட்டரியில் உள்ளதைப் பங்கு பிரிக்க முடியும்? அந்த வேலைதான் ஜோசியருக்கு. இப்போதைக்கு ஒரே ஒரு மாவட்டத்தில்.

ஜோசியர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. ஆய்வுக்கூடத்துக்கு அதில் தனிப் பெருமை. யார் பெயர், என்ன நோய், எதுவும் அதற்குத் தெரியாது. கம்பியில் காதை வைத்துக் கேட்கும், அவ்வளவுதான். பந்தல் மின்விசிறிகளும் சீரியல் விளக்கும் ஓடினால் 'கல்யாண வீடு' என்று எழுதிக்கொள்ளும். பிரிட்ஜ் மட்டும் தனியே முனகிக்கொண்டிருந்தால் 'பூட்டு'. ஊருக்குப் போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள்.

மூன்றாவது ஒரு வகை உண்டு. அதைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தது வாணியின் குழுதான். இரவு பகல் ஓயாமல் ஒரே சீராக ஒரு முனகல். வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடுகிறது என்று அர்த்தம். சில வாரங்கள் ஓடும். அப்புறம் நிற்கும். நின்றால் நின்றதுதான். "இதுக்கு என்னங்க பேரு வெக்கறது?" என்று யாரோ கேட்டபோது, டீயை உறிஞ்சியபடி வாணி சொன்னாள்: "ஆள் காலி." அறையே சிரித்தது. இரண்டு சொல்லும் பெட்டிக்குள் அடங்கவில்லை என்று 'ஆள்' வெட்டுப்பட்டது. 'காலி' மட்டும் நின்றது.

அன்று பொன்னுசாமிக்கு மூச்சுத் தொந்தரவு வந்திருக்கவில்லை. பஞ்சு மில்லில் இருபது வருடம் தூசி தின்ற நுரையீரல், கணக்கைப் பிறகுதான் கேட்டது.

வாணி போனை எடுத்தாள்.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

"ஓட்டப் பந்தயத்துக்குப் போலாம்னு ஷூவைத் தேடிட்டு இருக்கறேன் அம்மிணி. உன்ற நங்கை எங்கியோ ஒளிச்சு வெச்சுட்டா."

அண்ணன் மனைவி தமயந்தியை வாணி நங்கை என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பக்கம் பேச்சுக்குப் பின்னால் மெஷினின் சத்தம். ஹ்ம்ம்ம்... புஸ். ஹ்ம்ம்ம்... புஸ்.

"வெளையாடாதீங்கண்ணா. மூச்சு எப்படி இருக்குது?"

"போன வாரந்தான டாக்டர் பாத்தாரு? பொங்கலுக்குக் கரும்பே கடிக்கலாம்னுட்டாரு. ஏன், உங்க ஜோசியர் ஏதாச்சும் சொன்னாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லலை."

"சொன்னாலும் என்கிட்டச் சொல்லாத. உன்ற நங்கைகிட்டச் சொல்லவே சொல்லாத. பனியன் கம்பெனிக்கு லீவு போட்டுட்டு நாள் பூரா எம் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருப்பா. அதுக்கு ஆக்ஸிஜன் இல்லாமயே இருந்துக்கலாம்."

போனை வைத்த பிறகும் வாணியால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போனாள். வெளியே மேட்டில் வரிசையாக நின்ற காத்தாடிகளில் பாதி சுற்றவில்லை. மார்கழியில் காற்று இப்படித்தான் படுத்துக்கொள்ளும். திரும்பி வந்தாள். மறுபடி ஜன்னல்.

அண்ணன் நன்றாக இருக்கிறார் என்கிறார் டாக்டர். ஜோசியர் நாளைக்குள் முடிந்தது என்கிறது. ஜோசியர் நுரையீரலைப் பார்த்ததில்லை. ரத்தத்தைப் பார்த்ததில்லை. கம்பியை மட்டும் கேட்கிற ஜென்மத்துக்கு வெள்ளிக்கிழமை என்று எப்படித் தெரிந்தது?

உட்கார்ந்து, இதுவரை நின்றுபோன காலி வீடுகளை எல்லாம் திரைக்கு வரவழைத்தாள். நூற்றுப் பதினாறு வீடுகள். எந்தெந்தப் பொழுதில் நின்றன என்று பார்த்தாள்.

ஆரம்பத்தில் போனவர்கள் விடியற்காலையில், நடு மதியத்தில், கண்ட நேரத்தில் போயிருந்தார்கள். சாவுக்கு ஏது நேரம் காலம்? ஆனால் ஜோசியர் சொல்லத் தொடங்கிய பிறகு போனவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் மாலை ஆறுக்கும் பத்துக்கும் நடுவில். அதுவும் காற்று விழுந்த மாலையாகப் பார்த்து.

வாணி நாற்காலியைத் தள்ளினாள். எழுந்து, பக்கத்துக் கட்டிடத்துக்கு ஏறக்குறைய ஓடினாள்.

*

பக்கத்துக் கட்டிடம் பங்கீட்டுப் பிரிவு. ஜோசியர் சொல்வதைக் கேட்டு எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று ஒதுக்குகிற நிரலை எழுதியவன் ஷாஜஹான். முப்பது வயது. மேசை முழுக்கக் கடலை மிட்டாய் உறை.

"ஷாஜு, காலின்னு வர்ற வீட்டுக்கு எவ்வளவு ஒதுக்கற?"

"சைபர் மேடம்."

"சைபரா?"

"வேற என்ன? காலி வீட்டுல பேய்க்கா கரண்ட் குடுப்பாங்க?"

"பூட்டின வீட்டுக்குத்தான் 'பூட்டு'ன்னு தனியா இருக்குதே."

"பூட்டுன்னா ஊருக்குப் போயிருக்காங்க, திரும்பி வருவாங்க. பிரிட்ஜுல தோசை மாவு இருக்கும், பாவம்னு கொஞ்சம் விட்டு வெப்பேன். காலின்னா சட்டி பானையோட வீட்டையே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க." மிட்டாயைக் கடித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "ஏன் மேடம்? காலின்னா வேற என்ன அர்த்தம்?"

வாணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"சாயங்காலம் பேட்டரி பத்தலைன்னா?"

"ஒதுக்கீடு இருக்கறவங்களுக்கு மொதல்ல. இல்லாதவங்களுக்கு மீந்தா உண்டு. காத்து இல்லாத அன்னிக்கு மிஞ்சாது. சைபர் வீட்டைத்தான் மொதல்ல வெட்டும்." மெல்ல எழுந்தான். "மேடம், அந்த வீட்டுல எல்லாம் ஆள் இருக்காங்களா?"

"ஆக்ஸிஜன் மெஷினோட இருக்காங்க."

ஷாஜஹான் கையிலிருந்த மிட்டாயை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

முதலில் சிலர் தாமாகவே இறந்தார்கள். அதைப் பார்த்து, முனகல் கேட்டால் முடிவு சைபர் என்று ஜோசியர் கற்றுக்கொண்டது. அடுத்த வீட்டுக்குச் சைபர் என்று சொன்னது. சொன்ன வீட்டுக்கு மின்சாரம் போகவில்லை. மெஷின் நின்றது. சிலிண்டரைத் திருகி மாட்டுவதற்குள் போய்விட்டார், விதி என்று அழுது முடித்திருப்பார்கள். தெருவில் பலருக்கும் கரண்ட் போகிற நேரம். சாவு வீட்டில் யார் அதைப் போய்ச் சந்தேகப்படுவார்கள்? இங்கே ஆய்வுக்கூடத்தில் மட்டும், கணிப்பு பலித்தது என்று ஜோசியருக்கு இன்னொரு மார்க் ஏறியது.

*

வெள்ளிக்கிழமை காலை. பேராசிரியர் அர்த்தநாரி வளாகத்தில் ஷாமியானா போடுகிறவர்களுக்கு நடுவே நின்றிருந்தார். மறுநாள் எரிசக்தித் துறைச் செயலர் வருகிறார். ஜோசியரை மாநிலம் முழுக்கக் கொண்டுபோகிற ஒப்பந்தத்தில் கையெழுத்து. நெற்றியில் சந்தனம், கையில் ஆறிய காபி. யாரிடமும் குரல் உயர்த்தியறியாத மனிதர். வாணிக்கு இந்த வேலையைக் கொடுத்தவரும் அவர்தான்.

அறைக்குக் கூட்டிப்போய் வாணி எல்லாவற்றையும் சொன்னாள். அவள் முடித்ததும் அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"எத்தனை பேர்கிட்டச் சொன்னீங்க வாணி?"

"ஷாஜஹானுக்குத் தெரியும். சார், நாமளே மூச்சை நிறுத்திட்டு, பாத்தீங்களா சொன்னபடி நின்னுருச்சுன்னு தட்டிக்குடுத்துட்டு இருக்கறோம்."

"நிறுத்தினது நாமதான்னு எப்படிச் சொல்றீங்க? எல்லாமே படுத்த படுக்கையா இருந்தவங்க."

"என்ற அண்ணன் படுத்த படுக்கையா இல்லீங்க சார். கரும்பு கடிக்கலாம்னு காத்துட்டு இருக்கறாரு. இன்னிக்குச் சாயங்காலம் நங்கை கம்பெனியில இருப்பாங்க. அவரு தனியா இருப்பாரு."

அர்த்தநாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"இன்னிக்கு ஜோசியரை நிறுத்தினா மாவட்டம் பூரா தலைகீழாப் போயிரும். நாளைக்குச் செயலர் முன்னாடி நிக்க முடியாது. பத்து வருஷ உழைப்பு. ஆனா..." குரல் தணிந்தது. "ஒரு வீட்டை மட்டும் கையால மாத்தலாம். என்கிட்டச் சாவி இருக்கு. யாருக்கும் தெரியாது. அண்ணன் வீட்டு எண்ணைச் சொல்லுங்க."

"மாத்தினா நிக்குங்களா சார்? ஜோசியர் மறுபடி திருத்திறாதா?"

"நிக்கும்."

யோசிக்காமல் வந்தது அந்தப் பதில்.

"மத்த வீடுங்க?"

"தை பொறக்கட்டும். உக்காந்து ஒண்ணொண்ணா சரி பண்ணுவோம்."

"தைக்குள்ள எத்தனை பேருங்க சார்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே யாரோ ஷாமியானாக் கம்பத்தைத் தவறாக நட்டுவிட்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் வீட்டு எண் வாணிக்கு மனப்பாடம். பன்னிரண்டு இலக்கம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முதல் இலக்கத்துக்கு உதடு பிரிந்ததுகூட அவளுக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டால் சாயங்காலம் நிம்மதியாக அண்ணனோடு உட்கார்ந்து காபி குடிக்கலாம். மற்ற வீடுகளில் இருப்பவர்களின் முகம் அவளுக்குத் தெரியாது. ஜோசியருக்குத் தெரியாதது போலவே.

"யோசிச்சுச் சொல்றேன் சார்," என்றாள்.

யோசிக்க எதுவும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

*

"ஒதுக்கீட்டைத் தொட முடியாது. சாவி சார்கிட்ட," என்றான் ஷாஜஹான். "காலியை அழிச்சா ஒரு மணி நேரத்துல ஜோசியரே மறுபடி எழுதிரும்."

"அழிக்க வேண்டாம். வகையைத் திருத்தற அதிகாரம் என்ற குழுவுக்கு இருக்கு. நாம திருத்தினா ஒரு வாரம் தொடாது." வாணி அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. "உன்ற நிரல்ல எந்த வகைக்கு மொதல் மரியாதை?"

"ஆஸ்பத்திரி. ஆனா அதுக்குத் தனி லைன், நம்மகிட்ட இல்லை. வீடுகள்லன்னா..." ஷாஜஹான் தலையைச் சொறிந்தான். "கல்யாண வீடு மேடம்."

"கல்யாண வீடா?"

"தாலி கட்டறப்போ கரண்ட் போச்சுன்னா எம்.எல்.ஏ.வே போன் பண்ணுவாரு. அதனால என்ன ஆனாலும் கல்யாண வீட்டை வெட்டக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. சாகற வீட்டுக்கு அப்படி யாரும் போன் பண்ணலை."

வாணி நின்றாள்.

"அப்போ எல்லாருக்கும் கல்யாணம் பண்ணி வெச்சுரலாம்."

"எங்கிருந்து எடுத்துக் குடுக்கும் தெரியுமா? மத்த வீட்டுல இருந்துதான்."

"மார்கழியில ஏசி போடறவங்க ஒருநாள் போர்வையைத் தேடட்டும்."

காலி என்று எழுதப்பட்டு உயிரோடு இருந்த வீடுகள் நாற்பத்து மூன்று. அதோடு நிறுத்த வாணிக்கு மனம் வரவில்லை. நாளைக்கு இன்னொரு வீட்டில் காலி என்று எழுதினால்? அந்தச் சொல்லை விட்டுவிட்டு, முனகல் கேட்கிற வீடுகளையெல்லாம் தேடச் சொன்னாள்.

நாற்பத்து நான்கு.

"ஒண்ணு கூட வருதே மேடம்."

"வரட்டும். எங்கியோ ஒருத்தருக்கு இன்னும் ஜோசியம் பாக்கலை போல."

பட்டனை அமுக்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள்.

*

நல்லிபாளையத்தில் ஆறரை மணிக்குக் காற்று சுத்தமாக விழுந்தது. கோயில் ஒலிபெருக்கி பாட்டின் நடுவில் கழுத்தை நெரித்தாற்போல் நின்றது. எதிர் வீடு இருண்டது. பக்கத்து வீடு இருண்டது. தெருவே இருண்டது.

பொன்னுசாமி வீட்டில் மட்டும் டியூப் லைட் கண்சிமிட்டக்கூட இல்லை. ஹ்ம்ம்ம்... புஸ். ஹ்ம்ம்ம்... புஸ்.

கட்டிலில் சாய்ந்திருந்த பொன்னுசாமியின் போன் டிங் என்றது. மூக்கில் குழாயோடு, கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"அம்மிணி, இது என்ன கூத்து? 'தங்கள் இல்லத் திருமணத்துக்கு மனமார்ந்த வாழ்த்துகள். மணமக்கள் நலமாக வாழத் தடையற்ற மின்சாரம் ஒதுக்கப்பட்டுள்ளது.' ஆருக்கு ஆரைக் கட்டி வெக்கறீங்க?"

வாணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். கல்யாண வீடுகளுக்குத் தானாகவே வாழ்த்து போகும் என்பதை மறந்தே போனாள். நாற்பத்து நான்கு நோயாளிகளின் போனிலும் இந்நேரம் மணமக்கள் வாழ்ந்துகொண்டிருப்பார்கள்.

அவள் சொல்லச் சொல்ல அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மெஷின் திணறி, மறுபடி சிரிப்பானது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க பொன்னுசாமி, உங்க வீட்டுல மட்டும் வெளிச்சமாக் கெடக்குது?"

"கல்யாணமுங்க."

"ஆருக்குங்க?"

"எனக்குத்தானுங்க. ரெண்டாவது. தமயந்திகிட்டச் சொல்லிறாதீங்க."

வாணி சிரிக்கவில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு. ஒன்பது. தெரு இருட்டிலேயே இருந்தது. பத்து மணிக்கு எதிர் வீட்டில் விளக்கு வந்தது. ஒலிபெருக்கி விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடித்துக்கொண்டது.

"நீ எதுக்கு அம்மிணி மூச்சை அடக்கிட்டு உக்காந்திருக்கற?" என்றார் பொன்னுசாமி. "அது என்ற வேலையல்ல?"

*

சனிக்கிழமை விழாவில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. செயலர் மீனலோசனி முன்வரிசையில், பருத்திப் புடவையில், கையில் பேனாவோடு. மேடையின் பெரிய திரையில் மாவட்ட வரைபடம் மின்னியது. வெள்ளிக்கிழமை இரவு காற்றில்லாத நேரத்தில் ஜோசியர் எப்படிச் சமாளித்தது என்று ஓர் இளம் ஆய்வாளர் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தார்.

"அங்கங்க ரோஸ் கலர்ல துடிக்குதே, அது என்ன?" என்றார் செயலர்.

"கல்யாண வீடுங்க மேடம். மொத்தம் நாப்பத்தி நாலு. ஒண்ணுலகூடக் கரண்ட் போகலை."

செயலர் பேனாவை மூடினார்.

"நாப்பத்தி நாலு கல்யாணமா? மார்கழியிலயா?"

சபையில் சின்னதாய் ஒரு சலசலப்பு. வாணிக்கு அப்போதுதான் உறைத்தது. மாதம்! எல்லாவற்றையும் யோசித்தவள் மாதத்தை யோசிக்கவில்லை.

"எங்க ஊர்ல மார்கழியில பொண்ணு பாக்கக்கூடப் போக மாட்டோம்," என்றார் செயலர். "இங்க என்ன, விசேஷமா?"

"எங்க ஆளுங்க மார்கழி பாக்க மாட்டாங்க மேடம்," என்று பின்வரிசையிலிருந்து ஷாஜஹான் காப்பாற்றப் பார்த்தான். "ஆனா..." அவனுக்கே தொடர முடியவில்லை. "ஒரே நாள்ல நாப்பத்தி நாலு பிரியாணி எங்களாலயும் முடியாது."

சிலர் சிரித்தார்கள். செயலர் சிரிக்கவில்லை. எல்லோரும் அர்த்தநாரியைப் பார்த்தார்கள். மென்பொருளில் ஒரு சின்னப் பிழை என்று ஒரு வரி சொன்னால் போதும், விழா நகர்ந்துவிடும். அவர் மைக்கை எடுத்தார். வாணியைப் பார்த்தார்.

"இதுக்குக் கோகிலவாணிதான் பதில் சொல்லணும்," என்று மைக்கை நீட்டினார்.

கைவிட்டுவிட்டார் என்று நினைத்தபடிதான் வாணி எழுந்து போனாள். முதல் வாக்கியம் பாதியில் உடைந்தது. அப்புறம் வார்த்தைகள் தாமாக வந்தன. முனகல், காலி, டீ நேரத்துச் சிரிப்பு, சைபர். அந்தச் சொல்லை வைத்தது நான்தான் என்பதையும் விடவில்லை.

"இதுவரைக்கும் எத்தனை பேர்?" என்றார் செயலர்.

"நூத்திப் பதினாறு வீடு மேடம். அதுல எத்தனை பேரு தானாப் போனாங்க, எத்தனை பேரை நாம அனுப்பி வெச்சோம்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது. இனி யாராலயும் முடியாது."

ஷாமியானா துணி படபடத்தது. காற்று திரும்பிக்கொண்டிருந்தது.

செயலர் ஒப்பந்தத்தை உறைக்குள் போட்டார். கையெழுத்து இல்லை. மெஷின் ஓடுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் நேரில் போக வேண்டும் என்றார். மாண்டவர்களின் வீடுகளுக்கும். "அதுவரைக்கும் அந்த நாப்பத்தி நாலும் கல்யாண வீடாவே இருக்கட்டும்," என்றார். "எவன் கேட்டாலும் முகூர்த்தம் முடியலைன்னு சொல்லுங்க."

*

அன்று சாயங்காலம் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வாணி அர்த்தநாரியின் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். யாரும் கேட்கவில்லை. கழுத்தில் அது கனத்தது, அவ்வளவுதான். பத்து வருடத்தில் அந்த வீட்டுக்கு அவள் வந்ததில்லை. அவர் யாரையும் கூப்பிட்டதில்லை.

அழைப்பு மணியை அமுக்கப் போனவள் கையை அப்படியே நிறுத்தினாள்.

உள்ளேயிருந்து வந்தது அந்தச் சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்குத் தெரியும்.

ஹ்ம்ம்ம்... புஸ்.

கதவு திறந்தது. அர்த்தநாரி வேட்டியில் நின்றிருந்தார். தன் போனை நீட்டினார். 'தங்கள் இல்லத் திருமணத்துக்கு மனமார்ந்த வாழ்த்துகள்.'

"நேத்து ஆறரை மணிக்கு வந்துச்சு," என்றார். "எங்களுக்கு ஆகி முப்பத்தாறு வருஷம் ஆச்சு."

"உங்க வீடு காலியில இல்லீங்களே சார்."

"இல்லை. 'விருந்தினர் மாளிகை'ன்னு மாத்தியிருக்கேன். போன ஆடியிலயே."

கூட வந்த ஒன்று.

"அப்படின்னா உங்களுக்குத் தெரியும்."

"கோடு தரையில விழறதைப் பார்த்தேன். பயந்தேன். மாத்தினேன். பங்கஜம் பொழைச்சுக்கிட்டா." அவர் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஏன் பொழைச்சான்னு ஒருநாளும் உக்காந்து யோசிக்கலை. அவ அதிர்ஷ்டக்காரின்னு வெச்சுக்கிட்டேன். யோசிச்சா மத்தவங்களைப் பத்தியும் யோசிக்கணுமே."

"நேத்து ராத்திரியே நான் செஞ்சதை நீங்க திருப்பியிருக்கலாம்."

"சாவியைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் விடிய விடிய உக்காந்திருந்தேன். மைக்கை நீட்டற வரைக்கும் பாக்கெட்லதான் இருந்துச்சு."

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் இருந்தது வாணிக்கு. போன ஆடிக்குப் பிறகு போன வீடுகளை அவள் மனம் தன்போக்கில் எண்ணத் தொடங்கியிருந்தது. ஆனால் நேற்றுக் காலை, இவர் அறையில், முதல் இலக்கத்துக்குப் பிரிந்த தன் உதடு நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு இலக்கம். இவர் தன் வீட்டு எண்ணைச் சொல்லிவிட்டார். அவள் சொல்லவில்லை. இடையில் இருந்தது அவ்வளவுதான்.

"செயலர்கிட்ட இதைச் சொல்லுவீங்களா சார்?"

"திங்கக்கிழமை." கொஞ்சம் நிறுத்தினார். "நான் சொல்லலைன்னா நீங்க சொல்லுங்க."

உள்ளேயிருந்து மெலிந்த ஒரு குரல் வந்தது, மூச்சுக்கு நடுவே வார்த்தைகளைத் தேடிப் பிடித்து.

"ஏனுங்க... ஆருங்க வந்திருக்கறது?"

அர்த்தநாரி உள்பக்கம் திரும்பினார்.

"நான் வாணிங்க," என்றாள் அவள்.

"வாசல்லயே நிக்க வெச்சுப் பேசாதீங்க... கல்யாண வீட்டுக்கு வந்தவங்களை..." சிரிப்பா இருமலா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம். "உள்ள வரச் சொல்லுங்க."

வளாகத்தில் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தன. எதிர் குவார்ட்டர்ஸ், அதற்கடுத்தது, மூலையில் கேன்டீன். காற்று மறுபடி விழுந்துவிட்டது.

அடையாள அட்டை இன்னும் கழுத்தில்தான் கிடந்தது. வாணி செருப்பைக் கழற்றினாள். ஒரு காலை உள்ளே வைத்தவள், மெஷின் அடுத்த மூச்சை இழுக்கும் வரை, அங்கேயே நின்று கேட்டாள்.